ஊதாங்குழலுக்கு ஒரு முதுகு

என் உயிர் மாப்ள சிக்கந்தருக்கு,

முதலில் நல்ல சேதி. உன் கண்ணாடிக் கடை புதுசாகிவிட்டது. பர்வீன் பழைய தட்டிகளைப் பிடுங்கிப் போட்டு, சுவர் முழுக்க வெள்ளையடித்து, கண் பார்க்கிற நாற்காலிக்கு மேலே கூரையை உயர்த்திவிட்டாள். கீழவாசல் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். "அத்தா காலத்துல கண்ணு தெரியாம வந்தாங்க மாமா, இனிமே கண்ணு கூசிக்கிட்டு வரட்டும்" என்கிறாள். உன் வாய் அப்படியே உன் மகளுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது சேதிக்காகத்தான் இந்தக் கடிதம். அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுகிறேன், பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? தெரிந்த கதைதானே என்று கொட்டாவி விடாதே.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், எழுத்து மங்குகிறது என்று அவனியாபுரத்திலிருந்து உன் கடைக்கு வந்தவன் நான். குழாய், மோட்டார் விற்கிறவன். சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாய். நான் சுவரைப் பார்க்காமல் உன் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு இறக்கை, அதன் பின்னாலேயே இன்னொரு இறக்கை, கடைசியில் ஒரு பெரிய துடுப்பு.

"இது என்னண்ணே, பிளேனா வெட்டுக்கிளியா?"

"பேன். தலையில இருக்குமே, அதுதான்" என்றாய். "பிரெஞ்சுக்காரன் வச்ச பேரு, ஆகாயப் பேன். ஒத்தை ஆளு வீட்டுலயே கட்டி ஓட்டுறதுக்கு. நான் மூக்குக்கண்ணாடிக் கம்பியில செஞ்சது. இப்ப மேல் வரியப் படிங்க."

நான் மேல் வரியைப் படிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேன் கதையைக் கேட்டேன். உன் வீட்டுக்காரி மும்தாஜின் சித்தப்பா காரைக்காலில் விட்டுப்போன ஒரு கட்டு பிரெஞ்சுப் புத்தகங்கள் உன்னிடம் இருந்தன. எல்லாமே விமானப் புத்தகங்கள். உனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் படத்துக்கு எதற்கு எழுத்து? வளையம் மாதிரி இறக்கை வைத்து வால் நுனியில் நிற்கிற விமானம், வயிற்றில் கண்ணாடி வீடு கட்டித் தொங்கவிட்ட விமானம், குச்சி குச்சியாக நீண்ட இறக்கை உள்ள விமானம். ஏன் பிரெஞ்சுக்காரன் விமானம் மட்டும் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மத்தவன் பறக்குறதுக்குக் கட்டுறான். இவன் பறக்குமான்னு பாக்குறதுக்குக் கட்டுறான்" என்றாய். அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் என் கடையிலிருந்து ஒன்றரை இஞ்சுக் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்தேன். நீ "பிஸ்மில்லா" என்று சொல்லி அதில் ரம்பத்தை வைத்தாய். அதுதான் நம் ரெண்டு மாடி விமானம். மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம், வளைகாப்புக்கு உட்கார்ந்தவள் மாதிரி அதற்கு ஒரு வயிறு.

மற்ற ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் ஒரே அளவை வைத்துக்கொண்டு எல்லா விமானத்தையும் அந்த அளவுக்கே சுருக்குவார்களாம். நமக்கு அந்த வழக்கம் இல்லை. குழாய் சொல்வதே அளவு. கையில் கிடைத்த குழாய் உடம்பாகும், இறக்கையும் வாலும் அந்த உடம்புக்குத் தகுந்தபடி வரும். அதனால்தான் ஊரையே ஏற்றிக்கொண்டு போகிற ரெண்டு மாடி நம்மிடம் ஒரு சாண், ஒற்றை ஆள் உட்காருகிற பேன் ஒரு முழம். பெங்களூரிலிருந்து கண்ணாடி மாற்ற வந்த ஒருவர், அவரும் மாடல் கட்டுகிறவர், அலமாரியைப் பார்த்துவிட்டு "என்ன ஸ்கேல் சார்?" என்று கேட்டார். "ஒன்றரை இஞ்சுலேருந்து நாலு இஞ்சு வரைக்கும் இருக்கு, ஒங்களுக்கு எது வேணும்?" என்றாய். பாவம், மனிதர் கண்ணாடியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

என் வீட்டுக்காரி செல்வி செய்ததையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்குக் கடையில் இருந்த ரம்பம், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவள், அங்கே காய்ந்துகொண்டிருந்த விமானத்துக்கும் மூக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பெயிண்டில் கறை ஏறிவிட்டது. நான் குதித்தேன். நீதான் "ஏம்ப்பா, மதுரையில பொட்டு இல்லாத வண்டி எங்க ஓடுது? விடு, தங்கச்சி வச்சது இருக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு விமானத்துக்கும் இறக்கைக்கு அடியில் ஒரு சந்தனப் பொட்டு இல்லாமல் நீ அலமாரியில் ஏற்றியதே இல்லை.

இப்போது ஊதாங்குழல் கதைக்கு வருகிறேன்.

அந்த விமானத்தின் பிரெஞ்சுப் பெயரை நாம் ஒழுங்காக உச்சரித்ததே இல்லை. அதற்கு எஞ்சின் என்று தனியாக எதுவும் கிடையாது, உடம்பே ஒரு குழாய். முன்வாயில் காற்று புகுந்து, நடுவில் நெருப்புப் பற்றி, பின்னால் சீறிக்கொண்டு போகும். குழாயின் வாய்க்குள்ளே கண்ணாடிக் கூம்பில் ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். ஒரே ஒரு குறை. நின்ற இடத்தில் அதற்கு நெருப்புப் பற்றாது. காற்று வேகமாக உள்ளே வந்தால்தான் பற்றும். அதனால் நாலு எஞ்சின் உள்ள பெரிய விமானம் ஒன்று அதை முதுகில் சுமந்துகொண்டு மேலே போய், வேகம் பிடித்த பிறகு விட்டுவிடும்.

"அடுப்படி ஊதாங்குழல்தான் மாப்ள இது. ஊத ஒரு ஆளு வேணும்" என்றாய். பெயர் ஒட்டிக்கொண்டது.

குழலை நீ கட்டுவது, சுமக்கிற தாயை நான் கட்டுவது என்று பேச்சு. நான் நாலு இஞ்சுக் குழாயில் தாயைத் தொடங்கினேன். நீ மூக்குக்கண்ணாடிக்கு வருகிற வில்லையை இழைத்து இழைத்து அந்தக் கூம்பைச் செய்தாய். எட்டு மாதம். உள்ளே நகத்தளவு ஓர் ஆளை உட்கார வைத்து, அவனுக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தாய். துண்டில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்து, என் தாயின் முதுகில் வைத்தாய்.

கல்யாண வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

புத்தகத்தில் படத்தை எடுத்து அளந்து பார்த்தோம். நாலு இஞ்சுத் தாய்க்கு ரெண்டு இஞ்சுக் குழல்தான் பொருந்தும். உன்னுடையது மூன்று இஞ்சு. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு விமானம் ஒரே அளவில் இருக்க வேண்டி வந்தது அந்த ஒரு தடவைதான். அதிலேயே சறுக்கினோம்.

"நான் ரெண்டு இஞ்சுன்னுதான சொன்னேன்?" என்றேன்.

"மூணுன்ன."

"நான் ஏன்யா மூணுங்கப் போறேன்? குப்பையில கெடந்த துண்ட நீயா எடுத்துட்டுப் போயிட்டு இப்ப எந்தலையில கட்டுற."

கடையில் என் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். பரவையிலிருந்து மோட்டார் வாங்க வந்தவர்கள் மூன்று பேர் நின்றார்கள். நீ குழலைக் கையில் எடுத்தாய். அதன் பின்வாய்க்குள் ஒரு தடவை பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். அவர்களையும் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. பிறகு, "சரி, யாரு தப்பா இருந்தா என்ன. நீ பெருசா ஒண்ணு கட்டு மாப்ள. இத என்னால ஒடைக்க முடியாது" என்றாய்.

"எட்டு மாசமா கட்டிருக்கேன், நான் மட்டும் ஒடைக்கணுமா? ஒந் தெறமைய ரெண்டு இஞ்சுல காட்டு போ."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நீ குழலைத் துண்டில் சுற்றினாய். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்றாய். "வா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டாரைச் சோதிக்கிற மீட்டரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஒரு வாரம் வீம்பிலேயே போனது. அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை நீ தொழுதுவிட்டு வருகிற நேரத்துக்கு வந்து, ஒரு டீயைக் குடித்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை பகலில், கடையில் உட்கார்ந்த இடத்திலேயே நீ போய்விட்டாய். பர்வீன் போனில் "மாமா" என்று கதறினாள், கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் தோள் கொடுத்தேன். உன் வீட்டு வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் ஒருவருக்கும் நாம் பதினொரு நாளாகப் பேசாமல் இருந்தது தெரியாது. எனக்குத் தெரியும். அது போதாதா?

அதன் பிறகு ரம்பத்தைத் தொடவில்லை. நாலு இஞ்சுத் தாயைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பர்வீன் வந்தாள், கையில் அதே துண்டு.

"மாமா, புதுக் கூரையில விமானத்த எல்லாம் தொங்கவிடப் போறேன். இது மட்டும் தனியாத் தொங்குனா நல்லாருக்காது. ஒண்ணு நீங்க இதுக்கு ஒரு அம்மா கட்டித் தாங்க. இல்லேன்னா இத நீங்களே வச்சுக்கங்க. கட திறக்குறதுக்குள்ள சொல்லுங்க."

"ஒனக்கு இதுல ஆச இருக்கா தாயி?"

"எனக்கு அம்புட்டுப் பொறுமையெல்லாம் கிடையாது மாமா. ஆனா அத்தாவோடது அரையும் கொறையுமா நிக்கக் கூடாது."

பெரிதாக இன்னொன்று கட்டுவதா? கட்டினால் என் தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? நீ போன பிறகும் என் புத்தி இப்படித்தான் வேலை செய்தது, மாப்ள. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற சாதி நான். சும்மா அளந்தாவது பார்ப்போம் என்று, முதுகில் நிறுத்துகிற கம்பி எங்கே வரும் எனப் பார்க்கக் குழலின் பின்வாயில் போன் வெளிச்சத்தை அடித்தேன்.

உள்ளே முழுக்க வெள்ளி நிறப் பெயிண்ட், கண்ணாடி போல அடித்திருந்தாய். ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கையில் பாதி அளவு, பெயிண்ட் இல்லை. சுற்றி டேப் ஒட்டி, ஓரம் பிசகாமல் அந்த இடத்தை விட்டு வைத்திருந்தாய். அங்கே நீல மார்க்கரில் ஏதோ எழுத்து. நீ செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'தாய் 4, பிள்ளை 3.'

என் கையெழுத்து. அறுத்துக் கொடுக்கிற துண்டுக்கெல்லாம் உள்பக்கம் நான் எழுதுகிற அதே கோணல் எழுத்து.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. நாள் முழுக்க நாலிலிருந்து மூன்றுக்கு இறங்குகிற இணைப்பை விற்கிறவன் நான். நாலு இஞ்சு லைன் என்றால் அடுத்தது மூன்று இஞ்சு, கை தானாகப் போய் எடுக்கும். புத்தகத்தைப் பார்க்காமல், உன்னிடமும் கேட்காமல், விமானத்தைக் கக்கூஸ் லைனாக நினைத்து அறுத்துக் கொடுத்திருக்கிறேன். குப்பையில் எடுத்தாய் என்று ஐந்து பேர் முன்னால் உன்னைச் சொன்னேன். அந்த எழுத்து உன் கையில் இருந்தது. ஒரு டார்ச் அடித்துக் காட்டியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். ஏன் காட்டவில்லை?

அன்றைக்கே மும்தாஜிடம் போய்க் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "வீட்டுக்கு வந்து சொன்னாக. 'எழுத்து உள்ளதான் இருக்கு, அவன் ஆளுங்க முன்னாடி எப்படிக் காட்டுறது, நாளைக்கு அவன எவன் மொதலாளின்னு மதிப்பான்'னாக. 'அவனே ஒரு நாளு உள்ள பாப்பான், பாத்துட்டு ஓடி வருவான்'னு சிரிச்சாக."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். மும்தாஜ்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதேன் மாப்ள. வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும் வெகு நாளைக்குப் பிறகு கை பரபரத்தது.

மூன்று இஞ்சுப் பிள்ளைக்கு ஆறு இஞ்சுத் தாய் வேண்டும். இந்தத் தடவை புத்தகத்தை வைத்து மூன்று தரம் அளந்தேன். ஆறு இஞ்சு என்றால் இறக்கை ஐந்தடி வரும். என் கடையாட்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அந்த எழுத்தைக் காட்டி, "அன்னைக்குக் கண்ணாடிக்கடை அண்ணன் மேல தப்பு இல்ல, என் மேலதான்" என்று சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ணே, நீங்க அறுக்கும்போது நான்தான குழாயப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். என்னை முதலாளி என்று எவன் மதிப்பான் எனக் கவலைப்பட்டாயே, இதற்குத்தானா?

மூன்று மாதமும் கட்டினேன். மூக்கைச் சூடு காட்டி வளைக்கும்போது இரண்டு தடவை கருகிப் போய், புதிதாக வெட்டினேன். இறக்கையை வீட்டு முற்றத்தில் காயவைத்தால் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை அதைப் பார்த்து மிரண்டு கயிற்றை அறுத்துவிட்டது. "ஆளுங்களப் பாத்து மிரளாத மாட்ட மிரள வச்சுட்டீகளே" என்று செல்வி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. இறக்கைக்கு அடியில் சந்தனப் பொட்டை நான் கேட்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கீழவாசலுக்கு வந்தேன். அவனியாபுரத்திலிருந்து இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பிடித்தபடியே வந்தேன். சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "அண்ணே, ஏர்போர்ட்டு அந்தப் பக்கம்ணே" என்றார். உன் கடை வாசலில் இறக்கை நுழையவில்லை. கழற்றி உள்ளே கொண்டுபோய் மாட்டினோம்.

பர்வீன் ஏணியில் நின்றாள். "எத்தன கிலோ மாமா? கொக்கி தாங்குமா?" என்று நாலு தடவை கேட்டாள். தாங்கியது. கடைசியாக உன் குழலைத் துண்டிலிருந்து எடுத்து, நான்தான் முதுகில் வைத்தேன். கம்பி நாலும் நாலு துளையில் இறங்கின. ஒரு நூல்கூட விலகவில்லை. உள்ளே உன் மூக்குக்கண்ணாடிக்காரன் நேராக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். மும்தாஜ் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். "அவுகளுக்கு இப்பத்தான் வண்டி வந்து சேந்துருக்கு" என்றாள்.

அதற்கு நேர் கீழேதான் கண் பார்க்கிற நாற்காலி. முதல் ஆளாக என்னையே உட்கார வைத்தாள் உன் மகள். எழுத்தைப் படிக்கச் சொன்னாள். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, மேல் வரியப் படிங்க" என்று அதட்டினாள்.

குழலுக்குள் நீ விட்டு வைத்த அந்த எழுத்துக்கு மேல் நான் பெயிண்ட் அடிக்கவில்லை. அது அங்கேயே இருக்கும். என் தாய் விமானத்தின் உள்ளேயும் ஓர் இடத்தைப் பெயிண்ட் படாமல் விட்டு, அதே நீல மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: 'தாய் 6, பிள்ளை 3. முதலில் தப்பாக அறுத்தது முத்துப்பாண்டி.' யாராவது டார்ச் அடித்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

அடுத்தது அந்த வளைய இறக்கை விமானம், வால் நுனியில் நிற்கிறது. வளையத்துக்குப் பத்து இஞ்சுக் குழாய் சொல்லியிருக்கிறேன், நீ கோபப்படாதே, பெரிதாகத்தான் கட்டப்போகிறேன். நீ இழைத்து மீதி வைத்த வில்லைகளை மும்தாஜ் ஒரு டப்பாவில் போட்டுத் தந்திருக்கிறாள். கண்ணாடி வேலை எனக்கு வராது, ஆனாலும் பழகுவேன். அறுப்பதற்கு முன்னால் அளப்பேன். இன்னொருவன் மேல் சத்தம் போடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். இது சத்தியம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு என் கடை வாசலில் நின்று "வாரேன்" என்றாய். நான் குனிந்துகொண்டேன். பத்து மாதம் கழித்து, நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

வா, மாப்ள.

மும்தாஜுக்கு அண்ணன், பர்வீனுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மாப்ள,
குழாய்க்கடை முத்துப்பாண்டி